பழைய இணையக் கடையிலிருந்து புதிய தளத்திற்கு: எல்லையோர வணிகருக்கு ஒரு பாடம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தமிழக எல்லையைத் தொட்டாற்போல் நிற்கும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் ஒலிப்பதைக் கேட்கலாம். 2017 ஜூலை 1-ஆம் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தவுடன் கர்நாடகமும் தமிழ்நாடும் தங்கள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை விலக்கிக்கொண்டன. வரித்தாளைக் காட்டுவதற்காக லாரிகள் வரிசையில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. ஆயினும் எல்லை எங்கும் போய்விடவில்லை. சாலையைவிட்டு நீங்கி, கடையின் பில் போடும் கணினிக்குள் சென்று அமர்ந்துகொண்டது. இணையவழி விற்பனை செய்யும் வணிகர் தம் பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதிய தளத்திற்கு மாறும்போதுதான் இந்த உண்மை முழுமையாகப் புலப்படுகிறது.

இக்கட்டுரைக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அத்திபெலேயில் சேலையும் ஆயத்த ஆடையும் விற்கும் நடுத்தரக் கடை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தெரிந்த இளைஞர் ஒருவர் பி.எச்.பி. மொழியில் இணையக் கடை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது இன்றும் ஓடுகிறது. எழுதியவர் வேறு நாட்டிற்கு வேலைக்குச் சென்றுவிட்டார். கடைக்காரருக்கு நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் தெரியும். அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. நம் வாடிக்கையாளர்களுள் பலர் இந்த இடத்தில் தம்மையே காண்பர் என்று கருதுகிறோம்.

இவ்வாறு சொந்தமாக எழுதிக்கொண்டதில் தவறு ஒன்றுமில்லை. 1999-இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் தொடங்கியபோதும், 2007-இல் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியபோதும், மாதச் சந்தா கட்டினால் மறுநாளே கடை திறந்து தரும் தளங்கள் இந்திய வணிகருக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. சட்டையைத் தையற்காரரிடம் அளவெடுத்துத் தைத்துக்கொண்ட காலம் அது. இன்றைக்கு ஷாப்பிஃபை, சோஹோ காமர்ஸ் போன்ற தளங்கள் கடை, வழங்கி, பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் வாடகைக்குத் தருகின்றன.

பின் ஏன் மாற வேண்டும்? முதற்காரணம் பாதுகாப்பு. பி.எச்.பி. 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டன, 7.4 பதிப்புக்கு 2022 நவம்பரில் நின்றன. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. மெஜன்டோ என்ற இணையக் கடை மென்பொருளின் முதற் பதிப்புக்கு 2020 ஜூன் 30-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 2,000 கடைகள் தாக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அந்த முதற் பதிப்பிலேயே தங்கிவிட்டவை. பணம் செலுத்தும் பக்கத்தில் சிறு நிரல் ஒன்று நுழைக்கப்பட்டு, வாடிக்கையாளர் தட்டச்சிடும் அட்டை விவரங்கள் திருடப்பட்டன. கடைக்காரர்களின் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

இரண்டாவது காரணம் வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. ஆயத்த ஆடைக்கு அதுவரை ஒரு துணியின் விலை 1,000 ரூபாய் வரை 5 விழுக்காடும் அதற்கு மேல் 12 விழுக்காடும் இருந்தன. புதிய முறையில் 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. தைக்கப்படாத சேலையோ துணி என்ற வகையில் விலை எவ்வளவாயினும் 5 விழுக்காட்டில் நிற்கிறது. நிரலுக்குள்ளேயே '12' என்று எழுதிவைத்த பழைய கடைகளில் இதை மாற்ற, நிரலை எழுதியவரைத் தேட வேண்டியிருக்கும். அவர் தொலைபேசியை எடுக்காத வரையில், கடைக்காரர் தவறான விகிதத்தில் பில் போட வேண்டும். அல்லது கடையை மூட வேண்டும்.

பெயர்ப்பலகை யாருடையது?

மாற்றத்தைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி மென்பொருளைப் பற்றியதன்று. கடையின் இணைய முகவரி, அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதே அது. கடையை உருவாக்கித் தந்தவர் தம் மின்னஞ்சலிலேயே முகவரியையும் பதிந்து, ஆண்டுதோறும் தாமே புதுப்பித்து வந்திருக்கலாம். நல்லெண்ணத்தில் செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரிமை. கடைவாசலில் தொங்கும் பலகையை வேறொருவர் எந்நாளும் கழற்றிச் செல்லலாம் என்ற நிலைக்கு இது ஒப்பானது.

எனவே பதிவாளர் நிறுவனத்தின் கணக்கை முதலில் கடையின் பெயருக்கும் கடைக்காரரின் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்க. '.காம்' போன்ற முகவரிகளை ஒரு பதிவாளரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றினால், அடுத்த 60 நாள்களுக்கு மீண்டும் மாற்ற இயலாதவாறு பூட்டு விழும். ஆகவே இவ்வேலையைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைக்கலாகாது. கடையின் மின்னஞ்சலும் இதே முகவரியைச் சார்ந்தது என்பதை மறவாதிருக்க வேண்டும். புதிய தளத்தை நோக்கி முகவரியைத் திருப்பும்போது மின்னஞ்சலுக்குரிய குறிப்புகளைப் படியெடுக்க மறந்தால், கடிதங்கள் வருவது சத்தமின்றி நின்றுபோகும். வங்கியிலிருந்து செல்லும் அறிவிப்புகளும் கணக்கறிக்கைகளும் அந்த மின்னஞ்சலுக்கே வருகின்றன என்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூரும் தருமபுரியும் பில்லில் தெரிய வேண்டும்

இனி, எல்லையோர வணிகருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் பிற ஊர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது.

அத்திபெலேயிலிருந்து ஓசூர் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. மாலையில் நடந்து வந்து சேலை வாங்குவோர்கூட உண்டு. கடைக்கு நேரில் வந்து வாங்கி எடுத்துச் சென்றால், அவர் ஓசூர்க்காரராயினும், விற்பனை கர்நாடகத்திற்குள் நிகழ்ந்ததாக அமைவதே வழக்கம். அதே சேலையை அவர் இணையத்தில் கேட்டு, கூரியரில் ஓசூர் வீட்டிற்குச் செல்லும்போது, அது மாநிலங்களுக்கிடையேயான விற்பனையாகிவிடும். 2,000 ரூபாய்ச் சேலைக்கு வரி எவ்வழியிலும் 100 ரூபாய்தான். முதல் வகையில் மத்திய வரி 50, மாநில வரி 50. இரண்டாம் வகையில் ஒருங்கிணைந்த வரி 100. வாங்குபவர் கொடுக்கும் தொகையில் ஒரு பைசாவும் மாறுவதில்லை. ஆகவே தவறு நேர்ந்தாலும் எவரும் முறையிடுவதில்லை. மாதக்கணக்கில் தவறு குவிந்தபின் விவர அறிக்கையில்தான் அது வெளிப்படும்.

தவறான தலைப்பில் கட்டிய வரியைச் சரியான தலைப்பில் மீண்டும் கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பப் பெறச் சட்டம் வழிசெய்கிறது. அதற்கு வட்டியும் இல்லை. ஆயினும் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும், பிறகு திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும். சிறு வணிகருக்கு அந்தக் காத்திருப்பே நடைமுறை மூலதனத்தை முடக்கிவிடும். ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்தித் தருமாறு கிளைக்கு வரும் விண்ணப்பங்களின் பின்னணியில் இத்தகைய முடக்கமும் ஒன்றாக இருக்கக்கூடும்.

இதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள், தருமபுரியில் இருக்கும் தாய்க்குத் தீபாவளிச் சேலை அனுப்புகிறார் என்க. பணம் செலுத்துபவரின் முகவரி கர்நாடகம். பொருள் சேரும் இடம் தமிழ்நாடு. வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறாத நுகர்வோராயின், பொருள் சேரும் முகவரியையே பில்லில் பதிய வேண்டும், அதனையே விற்பனை நிகழும் இடமாகக் கொள்ள வேண்டும் என 2024 ஜூன் 26-ஆம் நாள் வெளியான சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ஆகவே இது ஒருங்கிணைந்த வரிக்குரிய விற்பனை. புதிய தளம் வரியைக் கணக்கிடுவது பணம் செலுத்துபவரின் முகவரியைக் கொண்டா, பொருள் சேரும் முகவரியைக் கொண்டா என்பதை விற்பனைப் பிரதிநிதியின் வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்தல் கூடாது. நான்கு சோதனை ஆர்டர்கள் போட்டுப் பார்த்தால் போதும்: பெங்களூரிலிருந்து பெங்களூருக்கு, பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு, ஓசூரிலிருந்து ஓசூருக்கு, ஓசூரிலிருந்து ஆனேக்கல்லுக்கு. பில்களை அச்சிட்டுத் தம் கணக்காளரிடம் காட்டிக் கையொப்பம் பெறுவது நலம். கர்நாடகத்தின் குறியெண் 29, தமிழ்நாட்டின் குறியெண் 33 என்பவை பில்லில் சரியாக விழுகின்றனவா என்பதையும் அப்போதே காணலாம்.

தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் வணிகர்க்கு ஓர் எச்சரிக்கை. அத்திட்டத்தின்கீழ்ப் பொருள்களை வேறு மாநிலத்திற்கு விற்க இயலாது. புதிய தளங்கள் 'இந்தியா முழுவதும் விநியோகம்' என்பதை இயல்பாகவே திறந்து வைத்திருக்கும். அதனை மூடாமல் விட்டால், ஓசூரிலிருந்து வரும் முதல் ஆர்டரே வணிகரைத் திட்டத்தின் நிபந்தனைக்கு வெளியே தள்ளிவிடும்.

அத்திபெலே என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது பட்டாசுக் கடைகளே. அவற்றின் உரிமையாளர்கள் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும் என்பதால் இதனையும் சொல்லிவிடுகிறோம்: பட்டாசுகளை இணையவழி விற்பதை 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. 2023 அக்டோபர் 7-ஆம் நாள் இவ்வூர்ப் பட்டாசுக் கிடங்கில் நேர்ந்த தீவிபத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. எந்தத் தளம் இடம் கொடுத்தாலும் அந்தச் சரக்கை அங்கே ஏற்றுதல் கூடாது.

எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது

வீடு மாறும்போது பரணில் உள்ளதையெல்லாம் வண்டியில் ஏற்றுவோரும் உண்டு. கடை மாறும்போது அது தீங்காக முடியும். பழைய தரவுத்தளத்தில் வாடிக்கையாளர்களின் அட்டை எண்கள் சேமிக்கப்பட்டிருந்தால், அவற்றை எடுத்துச் செல்லும் பேச்சுக்கே இடமில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறு எவரும் அட்டை எண்ணைச் சேமித்து வைத்தல் கூடாது. முன்பு சேமித்தவற்றை அழித்திருக்க வேண்டும். கணக்குச் சரிபார்ப்புக்காக அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்கு மாற்றாக வழங்கப்படும் டோக்கன், குறிப்பிட்ட அட்டைக்கும் குறிப்பிட்ட வணிகருக்கும் அதைக் கோரிய நிறுவனத்திற்கும் மட்டுமே செல்லும். எனவே பேமெண்ட் கேட்வே மாறினால், வாடிக்கையாளர் தம் அட்டையைப் புதிதாகப் பதிய நேரும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

கடவுச்சொற்களும் அவ்வாறே. அவை மறைகுறியாக்கப்பட்டு இருப்பதால் புதிய தளங்கள் பெரும்பாலும் அவற்றை ஏற்பதில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிய கடவுச்சொல் அமைக்குமாறு மடல் செல்லும். அம்மடல் போலி மடலைப் போலவே தோற்றமளிக்கும் என்பதே சங்கடம்! ஆகவே ஒரு வாரம் முன்னரே, கடைக்காரர் தம் பெயரில், இணைப்பு எதுவும் இல்லாத எளிய செய்தி ஒன்றை அனுப்பி, இன்ன நாளில் கடை மாறுகிறது என்றும், கடை ஒருபோதும் ஓ.டி.பி. எண்ணையோ யு.பி.ஐ. பின் எண்ணையோ கேட்காது என்றும் அறிவித்தல் நன்று. மாறும் காலம் ஏமாற்றுவோருக்குப் பருவகாலம்.

எடுத்துச் செல்லும் பட்டியல்களில் பெரும்பாலும் பிழை நேரும் இடம் எக்செல். பழைய தளத்திலிருந்து இறக்கிய கோப்பை எக்செல்லில் திறந்து, திருத்தி, சேமித்து, புதிய தளத்தில் ஏற்றுவது இயல்பான வழி. எக்செல் எண்களில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே பாதுகாக்கும். அதற்கு மேல் உள்ளவை சுழியமாகிவிடும். நீண்ட கூரியர் எண்கள் இவ்வாறு பாழாகும். முன்னால் நிற்கும் சுழியங்களையும் அது உதிர்த்துவிடும். பணத்தைக் கையில் பெற்றுப் பொருள் கொடுத்த ஆர்டர்களுக்குப் பணம் திருப்பித் தருவதற்காக வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கெண்ணைக் குறித்து வைத்திருந்தால், சுழியத்தில் தொடங்கும் கணக்கெண் சுருங்கி வேறெண்ணாக நிற்கும். நெஃப்ட் முறையில் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கெண்ணைக் கொண்டே, பெயரைக் கொண்டன்று. அனுப்புமுன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்திருந்தது. அந்த வசதியைப் பயன்படுத்திப் பெயரைப் பார்த்த பின்னரே பணத்தை அனுப்புக. எக்செல்லில் அந்தப் பத்திகளை 'எழுத்து' வகையாக அமைத்தபின் கோப்பைத் திறப்பது இவ்வளவு தொல்லைக்கும் எளிய மருந்து.

தமிழிலும் கன்னடத்திலும் வாடிக்கையாளர் தட்டச்சிட்ட முகவரிகள் தனி வகை. பழைய தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துகளுக்கான அமைப்பில் உருவாக்கப்பட்டிருந்தால், தமிழ் எழுத்துகள் உள்ளே வேறுருவில் கிடக்கும்; பழைய தளத்தில் சரியாகவே தோன்றும், புதிய தளத்தில் பொருளற்ற குறிகளாக மாறும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் கொள்வதால், நீண்ட முகவரிகள் பாதியில் வெட்டுண்டிருக்கவும் கூடும். முழுப் பட்டியலை ஏற்றும் முன் தமிழ் முகவரி இருபதும் கன்னட முகவரி இருபதும் எடுத்து ஏற்றிப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

பழைய பில்கள்? அவற்றைப் புதிய தளத்திற்குக் கொண்டு செல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அழிக்கும் உரிமையும் இல்லை. அவ்வாண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். ஆறு ஆண்டுகளுக்குப் பழைய வழங்கிக்கு வாடகை கட்டத் தேவையில்லை. பில்கள் அனைத்தையும் பி.டி.எஃப். கோப்புகளாக இறக்கி, இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டால் போதும். புதிய பில்களின் வரிசை எண் பழைய வரிசையோடு மோதாதிருக்க முன்னெழுத்தை மாற்றுக. ஓர் எண் 16 குறிகளுக்கு மேற்படாமலும், நிதியாண்டுக்குள் இரண்டாம் முறை வராமலும் இருக்க வேண்டும்.

வாடகைக் கணக்கு

புதிய தளங்கள் மலிவானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எப்போதும் அவ்வாறில்லை. பின்வரும் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. பழைய கடைக்கு வழங்கி வாடகையும் பராமரிப்பும் சேர்ந்து மாதம் 7,500 ரூபாய் செலவாகிறது என்க. புதிய தளம் மாதச் சந்தா 2,500 ரூபாயும், வேறு நிறுவனத்தின் பேமெண்ட் கேட்வேயைப் பயன்படுத்தினால் விற்பனையில் 2 விழுக்காடும் கேட்கிறது. மாத விற்பனை 1 லட்சமானால் செலவு 4,500 ரூபாய், தெளிவான இலாபம். விற்பனை 2.5 லட்சமாகும்போது இரண்டும் சமம். 4 லட்சமானால் 10,500 ரூபாய். இப்போது பழைய கடையே மலிவு. விற்பனை உயர உயர வாடகையும் உயர்கிறது என்பதே இதன் பொருள். அதிகச் சந்தாவும் குறைந்த விழுக்காடும் கொண்ட அடுத்த திட்டத்திற்கு எந்த விற்பனை அளவில் மாறுவது என்பதை முன்னரே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. வழியாகவும் ரூபே டெபிட் அட்டை வழியாகவும் பெறும் பணத்திற்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம் இல்லை. தளம் கேட்கும் 2 விழுக்காடோ பணம் எவ்வழியில் வந்தது என்று பார்ப்பதில்லை. மொத்த விற்பனையின்மீது விழுகிறது. வாடிக்கையாளர் பெரும்பாலோர் யு.பி.ஐ. வழியே செலுத்தும் கடைக்கு இந்த வேறுபாடு பெரிது. வெளிநாட்டுத் தளமாயின் சந்தாவின்மீதான ஜி.எஸ்.டி.யை வணிகரே எதிர்முறையில் கட்ட நேரும் என்பதையும் கணக்காளரிடம் கேட்டுக்கொள்க.

வாடகைக்கு இருப்பவர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் ஒருநாள் காலிசெய்யச் சொல்லலாம். அமேசான் நிறுவனம் வெப்ஸ்டோர் என்ற பெயரில் இத்தகைய கடைத்தளம் நடத்திவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே அதனை மூடப்போவதாக 2015-இல் அறிவித்து, 2016 ஜூலை 1-உடன் நிறுத்திக்கொண்டது. அங்கிருந்த வணிகர்களுக்கு அவகாசம் கிடைத்தது என்பது நல்வாய்ப்பே. புதிய தளத்தில் சேரும் நாளிலேயே, பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் ஆர்டர் விவரமும் முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மாறும் நாள்

வங்கிகளும் இத்தகைய மாற்றங்களைக் கண்டவையே. 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தபோது, கிளைகளின் ஐ.எஃப்.எஸ். குறியீடுகள் மாற வேண்டியிருந்தது. ஆயினும் பழைய குறியீடுகள் 2021 ஜூன் 30 வரை செல்லும்படி விடப்பட்டன. பதினைந்து மாதங்கள் பழைய முகவரிக்கு வந்த பணமும் உரியவரைச் சென்றடைந்தது. இணையக் கடைக்கும் இதுவே முறை. பழைய கடையின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்க முகவரி உண்டு. வாடிக்கையாளர் அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருப்பர், கூகிள் அதைத் தன் பட்டியலில் வைத்திருக்கும். புதிய தளத்தில் அம்முகவரிகள் மாறும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் உரிய புதிய பக்கத்திற்கு நிலையாகத் திருப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்புவது சோம்பலின் விளைவு. அத்திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகிள் அறிவுறுத்துகிறது.

எதிர்மறைப் படிப்பினை இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி தன் 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளையும் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு பிழையின்றிச் சென்றது. ஆனால் புதிய அமைப்பால் சுமையைத் தாங்க இயலவில்லை. பலர் தம் கணக்கையே காண முடியாமல் தவித்தனர். நிலைமை முழுதும் சீராக டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. சிறு கடைக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது: முதலில் ஆயத்த ஆடைப் பிரிவை மட்டும் புதிய தளத்திற்குக் கொண்டு சென்று இரு வாரங்கள் நடத்திப் பார்த்து, பிறகு சேலைகளைக் கொண்டு செல்வது.

நாள் குறிப்பதில் எல்லையோரக் கடைக்குத் தனிப் பஞ்சாங்கம் தேவை. கர்நாடகத்தில் ஆஷாட மாதத்தில் திருமண வியாபாரம் அடங்கும். அது தமிழரின் ஆடி மாதத்திற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுவது வழக்கம். ஆடி பிறந்தால் தமிழ் வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டு வருவர். அதனை ஒட்டியே வரமகாலட்சுமி விரதத்திற்குக் கன்னட வாடிக்கையாளர் சேலை எடுக்க வருவர். ஆகவே ஆஷாடம் தொடங்கி ஆடி பிறப்பதற்குள் உள்ள இடைவெளியே அமைதியானது. அது ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும். ஏப்ரல் 1-ஐப் புதிய நிதியாண்டு என்ற ஈர்ப்பில் தேர்ந்தெடுப்போர் உண்டு. அன்று வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிப்பதால் வாடிக்கையாளருக்கு விடுமுறை என்பதையும், வர வேண்டிய தொகை வந்ததா என்று கிளையில் கேட்க அன்று வழியில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

மாறிய அன்று மாலை ஒரு சிறு தொகைக்குத் தாமே ஆர்டர் போட்டு, பணம் நடப்புக் கணக்கில் வந்து சேரும் வரை காத்திருந்து பார்க்க வேண்டும். 'பணம் செலுத்தப்பட்டது' என்று திரை சொல்வது வேறு, கணக்கில் வரவு விழுவது வேறு. கேட்வே நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர்தானா என்பதை அவ்வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் சரிபார்க்கலாம். கடை முகப்பில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதி. முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். வெளிநாட்டு வார்ப்புருக்களில் இதற்குரிய இடம் இராது. நாமே சேர்க்க வேண்டும்.

பழைய கேட்வே கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். பழைய ஆர்டர் ஒன்று திரும்பி வந்தால், பணம் எந்தக் கேட்வே வழியாக வந்ததோ அதன் வழியாகத்தான் திரும்பிச் செல்லும். அட்டைப் பணத்தின்மீது வாடிக்கையாளர் தகராறு எழுப்பப் பல வகைகளில் 120 நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் கணக்கை மூடினால், தகராறுக்குப் பதிலளிக்க ஆவணமும் வழியும் இல்லாமற்போகும். கடைசி ஆர்டரிலிருந்து ஐந்து மாதம் கழித்து, நிலுவைத் தொகை சுழியமாகிவிட்டது என்ற கடிதத்தைக் கேட்வே நிறுவனத்திடம் எழுத்தில் பெற்று, அக்கணக்குக்காகக் கொடுத்திருந்த தானியங்கிப் பற்று ஆணைகள் ஏதேனும் இருப்பின் அவற்றை நீக்குமாறு உங்கள் கிளையில் விண்ணப்பம் கொடுக்கலாம்.